கோட்டில் உட்காராத புள்ளிகள்



இந்த அறக்கட்டளையை நிறுவிய அம்மையார் அதைத் தம் பெற்றோர் இருவரின் நினைவாக வைத்திருக்கிறார். தந்தை கால்நடை மருத்துவர். தாய் மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை. "இருவருக்கும் பொதுவாக ஒரு பேச்சு வேண்டும், அது ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளுக்குப் பயன்பட வேண்டும்" என்று என்னைக் கேட்டபோது முதலில் தயங்கினேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். மாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பிறகு யோசித்தேன். கொங்கு நாட்டில் மாட்டுக்கு நடுவே வளர்ந்தவன் அப்படிச் சொல்லிக்கொள்வது நியாயமில்லை. விலங்குகளை மனிதன் பழக்கிய வரலாற்றை மரபணு வழியே தேடுகிறவர்களும், ஈர்ப்பைப் பற்றி ஆராய்கிறவர்களும் ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று எனக்கு நெடுநாளாகவே ஓர் எண்ணம் உண்டு. அந்த எண்ணத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

என் அம்மாவின் அப்பா, நாங்கள் அப்பிச்சி என்போம், கன்று வாங்கப் போனால் என்னையும் அழைத்துப் போவார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். சில மாதங்களில் மயிலையாக மாறும். ஆகவே கன்றின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அப்பிச்சி கொம்புக் குருத்தைத் தடவிப் பார்ப்பார், திமிலைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார். எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதோட ஆத்தா எந்தக் கட்டுத்தரை மாடு?" பூச்சிக்காளை, அதாவது பொலிகாளை, எது என்பது ஊருக்கே தெரியும். தாய் எந்த வீட்டு மாடு என்பதைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவருடைய அந்தக் கேள்வியை அறிவியல் 1990களின் தொடக்கத்தில் கேட்டது. அயர்லாந்தில், டப்ளின் நகரின் டிரினிட்டி கல்லூரியில்.

உலகில் மாடுகள் பெரும்பாலும் இரு வகை. ஐரோப்பிய மாடுகளுக்குத் திமில் இல்லை. அறிவியல் பெயர் போஸ் டாரஸ். நம் மாடுகளுக்குத் திமில் உண்டு, கழுத்தடியில் தொங்கும் அலைதாடி உண்டு; பெயர் போஸ் இண்டிகஸ். இரண்டும் ஒன்றோடொன்று தடையின்றி இனம் சேரும். அதனால், மேற்காசியாவில் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் காட்டெருதை ஒரே ஒரு முறை பழக்கினான், அந்த மாடு கிழக்கே வந்து வெப்பத்தைத் தாங்கிப் பழகிய பிறகு திமில் தோன்றியது என்ற கருத்து வலுவாக இருந்தது. அதாவது நம் மாடு வந்தேறி, அதன் திமில் பின்னால் சேர்ந்தது.

டப்ளின் குழுவில் அப்போது இளம் ஆய்வாளர்களாக இருந்த ரோனன் லாஃப்டஸ், டேவிட் மக்ஹியூ, இவர்களோடு டேனியல் பிராட்லி, பால் ஷார்ப், பேட்ரிக் கன்னிங்ஹாம் ஆகியோர் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இந்தியா ஆகிய மூன்று இடங்களைச் சேர்ந்த 13 மாட்டினங்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை எடுத்துப் படித்தார்கள். மைட்டோகாண்ட்ரியா உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் சிறு உறுப்பு. அதற்கென்று தனியாக ஒரு சிறிய டி.என்.ஏ. வளையம் உண்டு. கன்றுக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. காளையின் பங்கு அதில் இல்லை. அந்த வளையத்தில் ஒரு பகுதி விரைவாக மாறிக்கொண்டே வரும். இரு மாடுகளின் அந்தப் பகுதிகளை அருகருகே வைத்து எத்தனை எழுத்து வேறுபடுகிறது என்று எண்ணினால், அவற்றின் தாய்வழிகள் எவ்வளவு காலத்துக்கு முன் பிரிந்தன என்று கணிக்கலாம். ஆத்தா எந்தக் கட்டுத்தரை என்ற கேள்விக்கு விடை சொல்லும் ஏடு அதுதான்.

1994இல் கட்டுரை வெளிவந்தது. தாய்வழிகள் இரண்டாகத் தெளிவாகப் பிரிந்து நின்றன. ஒரு பக்கம் ஐரோப்பிய மாடுகளும் ஆப்பிரிக்க மாடுகளும். மறுபக்கம் இந்திய மாடுகள். இரண்டும் பிரிந்து குறைந்தது இரண்டு லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். பத்து லட்சம் ஆண்டுகள்கூட ஆகியிருக்கலாம். மனிதன் மாடு வளர்க்கத் தொடங்கியே பத்தாயிரம் ஆண்டுகள்தான். ஆக, மனிதன் கை படுவதற்கு மிக நெடுங்காலம் முன்பே அவை வெவ்வேறு காட்டு மந்தைகள். அந்த இரு மந்தைகளையும் இரு வேறு மக்கள் இரு வேறு இடங்களில் பழக்கியிருக்கிறார்கள். போலான் கணவாய் அருகே மெஹர்கர் என்ற இடத்தில் ரிச்சர்ட் மெடோ ஆராய்ந்த மாட்டெலும்புகள் இதே திசையைத்தான் காட்டியிருந்தன. நம் மாடு வந்தேறி என்ற கருத்துக்கு அதன்பின் இடமில்லாமல் போனது.

இந்தக் கதை இதுவரை பலருக்கும் தெரிந்திருக்கும். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வரியை.

ஒரு நிமிடம் முன்பு சொன்னதைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். ஆப்பிரிக்க மாடுகள் எந்தப் பக்கம் நின்றன? ஐரோப்பிய மாடுகளோடு. ஆனால் ஆப்பிரிக்க மாடுகளில் பல இனங்களுக்குத் திமில் உண்டு! கண்ணால் பார்த்தால் அவை நம் மாட்டின் உறவு. தாய்வழி ஏடோ அவை திமில் இல்லாத மாட்டின் பிள்ளைகள் என்கிறது. பொறுமையில்லாத ஒருவர் கையில் இந்த முடிவு கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குழாயில் ஒட்டிய சீட்டு மாறியிருக்கும், மாதிரி கலந்திருக்கும் என்று எடுத்து ஒதுக்கியிருப்பார். திமிலுள்ள மாடு, திமிலில்லாத தாய்வழி என்பது கோட்டில் உட்காராத புள்ளி.

அவர்கள் ஒதுக்கவில்லை. தந்தை வழியைத் தேடினார்கள். காளையிடமிருந்து காளைக்கன்றுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோம், திமில் மாட்டில் ஒரு வடிவமாகவும் ஐரோப்பிய மாட்டில் வேறு வடிவமாகவும் இருக்கும். நுண்ணோக்கியிலேயே வேறுபாடு தெரியும். ஆப்பிரிக்கத் திமில் மாடுகளில் இருந்தது இந்திய வகை ஒய். இப்போது கதை விளங்கிவிட்டது. ஆப்பிரிக்காவில் முன்பே திமிலில்லாத பசுக்கள் இருந்தன. பிற்காலத்தில் கடல் வழியாகவும் நில வழியாகவும் போய்ச் சேர்ந்தவை திமிலுள்ள பொலிகாளைகள். உள்ளூர்ப் பசுக்களோடு அவற்றை இணைத்து, தலைமுறை தலைமுறையாக அந்த மக்கள் திமிலை வளர்த்தெடுத்தார்கள். தாய் அவ்வூர்க்காரி, தந்தை நம் திசையிலிருந்து போனவன். மக்ஹியூ 1996இல் டிரினிட்டியில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இந்த மாட்டு மரபுகளின் புவியியல் பரவலைப் பற்றியதுதான்.

அதே டப்ளினிலிருந்து 2019இல் இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. மேற்காசிய அகழ்வுகளில் கிடைத்த எலும்புகளிலிருந்து 67 பழங்கால மாடுகளின் மரபணுத்தொகைகளைப் படித்தார்கள். சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே திமில் மாட்டின் ரத்தம் திடீரெனக் கலக்கிறது. அங்கும் தாய்வழி பெரும்பாலும் பழையபடியே இருக்கிறது, வந்தது காளை. அந்தக் காலத்தில்தான் அப்பகுதியைக் கடும் வறட்சி தாக்கியது. வறட்சியைத் தாங்கும் காளைக்காக மக்கள் கிழக்கே பார்த்தார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு இதில் ஒரு நெகிழ்ச்சி உண்டு. பெயர் தெரியாத ஏதோவொரு மேய்ச்சல்காரர், மழை பொய்த்த ஆண்டில், தூரத்து வணிகரிடம் ஒரு திமில் காளையை விலை பேசியிருக்கிறார். அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கோழி பற்றி ஒரு சொல். வீட்டுக்கோழி முழுவதும் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று டார்வின் கருதினார். ஆனால் உலகின் பல கோழிகளுக்குக் காலும் தோலும் மஞ்சள். சிவப்புக் காட்டுக்கோழிக்கு அப்படி இல்லை. இதுவும் ஒரு சின்ன உறுத்தல்தான். ஸ்வீடனின் உப்சாலாவில் லெய்ஃப் ஆண்டர்சன் குழுவினர் 2008இல் இதைத் துப்புத் துலக்கினார்கள். தீனியில் வரும் மஞ்சள் நிறமியை உடைக்கும் ஒரு நொதி தோலில் மட்டும் வேலை செய்யாமல் நின்றுவிட்டால் தோல் மஞ்சளாகும். அப்படி நிறுத்தும் மரபணு வடிவம் சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததாகத் தெரியவில்லை. சாம்பல் காட்டுக்கோழியின் வடிவத்தோடுதான் மிக நெருங்கிப் பொருந்துகிறது. சாம்பல் காட்டுக்கோழி எங்கே வாழ்கிறது? நம் மேற்குத் தொடர்ச்சி மலையில். வால்பாறைச் சாலையில் விடியற்காலையில் போனவர்கள் அதன் குரலைக் கேட்டிருப்பார்கள். உலகத்துச் சந்தைகளில் தொங்கும் மஞ்சள் கால் கோழியில் நம் மலைக்காட்டுப் பறவையின் ஒரு துணுக்கு இருக்கிறது.

சைபீரிய நரிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல இன்று நேரமில்லை. 1959இல் நோவோசிபிர்ஸ்கில் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கி, லுட்மிலா துரூத் தம் வாழ்நாள் முழுவதும் நடத்திய அந்தச் சோதனையில், மனிதனிடம் சாந்தமாக வரும் நரிகளை மட்டுமே தேர்ந்து இனம் பெருக்கினார்கள். சில தலைமுறைகளில் அவை வாலை ஆட்டின. தொங்கும் காதும் வெள்ளைத் திட்டும் தோன்றின என்று எழுதினார்கள். பாடநூல்களில் இடம்பெற்ற ஆய்வு அது. ஆனால் அறுபது ஆண்டுகள் கழித்துச் சில ஆய்வாளர்கள் அந்த நரிகளின் பூர்வீகத்தைத் தேடிப் போனார்கள். அவை காட்டிலிருந்து நேரே வந்தவை அல்ல, கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் மென்மயிர்ப் பண்ணைகளில் முன்பே பல தலைமுறை வளர்க்கப்பட்டவற்றின் வழி வந்தவை, வெள்ளைத் திட்டு அங்கேயே இருந்தது என்று காட்டினார்கள். நரி சாந்தமானது உண்மைதான். மற்றவை எல்லாம் அதனால் வந்தவை என்ற கூற்றுதான் ஆட்டம் கண்டது. துரூத் அம்மையாரின் உழைப்பு எனக்கு இதனால் சிறிதும் குறையவில்லை. பூர்வீகத்தைத் தேடிப் போனவர்களின் உழைப்பும் அதே மதிப்புடையது.

இனி ஈர்ப்புக்கு வருகிறேன். இது என் வீடு. இங்கே கொஞ்சம் தங்கிப் பேச அனுமதியுங்கள்.

1938இல் பெங்களூரில் பிறந்த சி. வி. விஸ்வேஸ்வரா, அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மிஸ்னரை நெறியாளராகக் கொண்டு ஆய்வு செய்து 1968இல் முனைவர் பட்டம் பெற்றார். கருந்துளை என்ற பெயரே அப்போதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. அப்படி ஒன்று விண்வெளியில் இருக்கிறது என்று நம்பியவர்கள் குறைவு. முதல் உலகப் போரின்போது ஜெர்மானியப் படையில் இருந்த கார்ல் ஸ்வார்ஸ்சைல்டு ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குக் கண்ட ஒரு தீர்வு, தாளில் இருந்தது. அவ்வளவுதான்.

விஸ்வேஸ்வரா எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. தாளில் இருக்கும் அந்தப் பொருளைக் கொஞ்சம் தட்டினால் என்ன ஆகும்? தட்டியது பெருகிப் பெருகிப் பொருளே சிதறிவிடுமா, அல்லது அடங்கிப் பழைய நிலைக்குத் திரும்புமா? சிதறிவிடுமென்றால் இயற்கையில் கருந்துளை இருக்கவே முடியாது. அந்தத் தீர்வு கணக்கோடு நின்றுவிடும். ஊசியின் முனையில் பென்சிலை நிறுத்தலாம் என்று கணக்கு சொல்லும். யாரும் அப்படி நின்ற பென்சிலைப் பார்த்ததில்லை. 1957இல் ரெஜ்ஜேயும் வீலரும் இந்தக் கேள்வியைத் தொடங்கி வைத்திருந்தார்கள். அதன் பின்னலை அவிழ்த்து, கருந்துளை நிலைத்து நிற்கும் என்று காட்டிய ஆய்வு விஸ்வேஸ்வராவுடையது.

பட்டம் கிடைத்த பிறகும் அவருக்கு ஒன்று உறுத்தியது. அடங்கும் என்று தெரிந்துவிட்டது. எப்படி அடங்கும்? அதைக் கேட்க அவர் ஒரு வழி கண்டார். கணினியில் ஈர்ப்பலைத் துணுக்கு ஒன்றைச் செய்து கருந்துளையின் மேல் எறிந்து, திரும்பி வருவது என்ன என்று பார்த்தார். அகலமான துணுக்கை எறிந்தால் எறிந்ததே ஏறக்குறைய அப்படியே திரும்பி வந்தது. புதிதாக ஒன்றும் இல்லை. பலரும் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். அவர் துணுக்கை இன்னும் ஒடுக்கமாக்கினார். மீண்டும் ஒடுக்கமாக்கினார். துணுக்கின் அகலம் கருந்துளையின் அளவுக்கு வந்தபோது திரும்பி வந்த அலையின் வாலில் ஓர் அதிர்வு தெரிந்தது. சீரான ஒரு சுருதி. ஒலித்து ஒலித்து விரைவாக அடங்கும் சுருதி. கோயில் மணியை நாக்கால் அடித்தால் அது தன் சுருதியில்தான் ஒலிக்கும். அடித்தது மரமா இரும்பா என்பதைப் பொறுத்து அதன் சுருதி மாறாது. கருந்துளையும் அப்படியே. அந்தச் சுருதியையும் அது அடங்கும் வேகத்தையும் தீர்மானிப்பவை கருந்துளையின் நிறையும் சுழற்சியும் மட்டுமே. இதை அவர் 1970இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்.

அந்தச் சுருதியைக் கேட்க உலகம் 45 ஆண்டுகள் காத்திருந்தது. 2015 செப்டம்பர் 14, நம் நேரப்படி பிற்பகல் 3 மணி 20 நிமிடம். அமெரிக்காவின் லிவிங்ஸ்டனிலும், ஆயிரத்தில் ஏழு பங்கு நொடி கழித்து ஹான்ஃபோர்டிலும், ஈர்ப்பலையை உணர்வதற்காக நாலு கிலோமீட்டர் நீளக் கைகளோடு அமைத்த லைகோ கருவிகள் அசைந்தன.   அசைவின் அளவு ஒரு புரோட்டானின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சுமார் 130 கோடி ஒளியாண்டு தொலைவில், சூரியனைப் போல 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி வந்து மோதி, 62 மடங்கு நிறையுள்ள ஒன்றாயின. மூன்று சூரியன் அளவு நிறை ஈர்ப்பலையாகப் பிரிந்து போயிற்று. நமக்கு வந்து சேர்ந்த சமிக்ஞை ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே நீடித்தது. அதன் கடைசியில், ஆயிரத்தில் சில பங்கு நொடிகளில், சுமார் 250 ஹெர்ட்சில், புதிதாகப் பிறந்த கருந்துளை அதிர்ந்து அடங்கியது. விஸ்வேஸ்வராவின் சுருதி.

2016 பிப்ரவரி 11 அன்று அதை அறிவித்தபோது அவர் பெங்களூரில் இருந்தார். அவருக்கு வயது 77. நாடு திரும்பி அங்கேயே பணியாற்றி, ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்தை உருவாக்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டியவர் அவர். அடுத்த ஆண்டு ஜனவரியில் காலமானார். ஆய்வு மாணவராக இருந்தபோது தட்டிப் பார்த்த மணியின் ஓசையை அவர் கேட்டுவிட்டுப் போனார் என்பதில் எனக்கு ஆறுதல்.

இன்னொரு ஆய்வு மாணவர். 1974. ரஸ்ஸல் ஹல்ஸ், வயது 23. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் டெய்லரின் மாணவர். ஆய்வுக்காகப் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில், 305 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கியில் தங்கி, புதிய துடிவிண்மீன்களைத் தேடிக்கொண்டிருந்தார். துடிவிண்மீன் என்பது சுழலும் நியூட்ரான் விண்மீன். ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு வானொலித் துடிப்பு நம்மை வந்தடையும். அதன் சீர்மை கடிகாரத்தைத் தோற்கடிக்கும்.

ஜூலை 2 அன்று ஒரு மிக மெல்லிய சமிக்ஞை பதிவானது. அவர் கணினிக்குக் கொடுத்திருந்த வரம்பு 7. இதன் அளவு 7.25. இம்மி குறைந்திருந்தால் பதிவே ஆகியிருக்காது. துடிப்பின் இடைவெளி 59 மில்லிநொடி. அன்றைக்குத் தெரிந்தவற்றில் இரண்டாவது வேகமான துடிப்பு அது. ஆகஸ்ட் 25 அன்று இடைவெளியைத் துல்லியமாக அளக்க உட்கார்ந்தார். ஒரே நாளில் எடுத்த இரண்டு அளவுகள் ஒத்துப்போகவில்லை. மைக்ரோநொடிக் கணக்கிலான வேறுபாடுதான். ஆனால் ஒரு துடிவிண்மீனுக்கு அது நடக்கக்கூடாத பெரிய வேறுபாடு. மறுபடி அளந்தார், வேறு எண். படிவத்தில் எழுதியதை அடித்தார், வேறு எண்ணை எழுதினார், அதையும் அடித்தார். தம் நிரலில்தான் பிழை என்று முதலில் நினைத்தார். நிரலைத் திருத்தி எழுதினார். எண் இன்னும் மாறிக்கொண்டுதான் இருந்தது.

சராசரி எடுத்து எழுதிவிட்டு அடுத்த விண்மீனுக்குப் போயிருக்கலாம். தேடிக் கண்டுபிடித்தவை வேறு பல இருந்தன. ஆய்வேட்டுக்கு அவையே போதும்.

அரெசிபோ கருவி ஒரு விண்மீனை நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே பின்தொடர முடியும். செப்டம்பர் முதல் தேதியும் இரண்டாம் தேதியும் எடுத்த அளவுகளை வரைபடத்தில் போட்டார். இரண்டு நாளும் இடைவெளி குறைந்துகொண்டே போயிற்று. இரண்டு கோடுகளும் ஒரே வடிவம். ஒன்றை 45 நிமிடம் நகர்த்தினால் மற்றதன் மேல் அச்சாகப் பொருந்தியது. கருவிக் கோளாறு இப்படி ஒழுங்காக 45 நிமிடம் நகராது. விண்மீன் எதையோ சுற்றிக்கொண்டிருக்கிறது! நம்மை நோக்கி வரும்போது துடிப்புகள் நெருங்குகின்றன, விலகும்போது தளர்கின்றன. செப்டம்பர் 16 அன்று, குறைந்துகொண்டே போன எண் அடியைத் தொட்டுத் திரும்பி ஏறுவதைக் கண்ணால் பார்த்தார். இன்னொரு நியூட்ரான் விண்மீனை 7 மணி 45 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் துடிவிண்மீன் அது.

இத்தகைய இணை ஈர்ப்பலைகளை வெளிவிட்டு ஆற்றலை இழக்கும், அதனால் சுற்றுப்பாதை சுருங்கும் என்பது ஐன்ஸ்டைன் கோட்பாட்டின் கணக்கு. டெய்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். சுற்றும் நேரம் ஆண்டுக்குச் சுமார் 76 மைக்ரோநொடி குறைந்து வந்தது. கணக்கும் அளவும் ஒத்துப்போயின. லைகோவுக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஈர்ப்பலை இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. 1993இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது, மாணவருக்கும் நெறியாளருக்கும்.

எல்லா மாணவருக்கும் அந்த நியாயம் கிடைக்கவில்லை. துடிவிண்மீனை முதன்முதலில் கண்டவர் ஜோசலின் பெல். 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி. நாலரை ஏக்கர் பரப்பில் கம்பம் நட்டுக் கம்பி கட்டும் வேலையில் தாமே இறங்கி உழைத்தவர். நாள்தோறும் கருவி கக்கும் 96 அடி நீளத் தாளை வரி வரியாகக் கண்ணால் பார்த்தவர். அதில் வழக்கமான விண் சமிக்ஞையும் அல்லாத, மனிதன் செய்த இரைச்சலும் அல்லாத ஒரு சின்னக் கிறுக்கலைக் கண்டு, இதை முன்பும் இதே இடத்தில் பார்த்தேனே என்று நினைவுகூர்ந்தவர். 1974இல் நோபல் பரிசு நெறியாளர் ஹியூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. பெல்லுக்கு இல்லை. அது தவறு என்றே நான் வகுப்பில் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன், இன்றும் சொல்கிறேன். 2018இல் அவருக்கு 30 லட்சம் டாலர் மதிப்புள்ள பிரேக்த்ரூ சிறப்புப் பரிசு கிடைத்தது. அவர் ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை. இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வர வாய்ப்பில்லாத பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களுக்கு உதவித்தொகையாக அத்தனையையும் கொடுத்துவிட்டார்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக அதை யாரிடமும் சொன்னதில்லை.

என்னிடம் ஆய்வு செய்த மாணவி ஒருவர் படிக வளர்ப்பில் வேலை செய்தார். நம் மாநிலக் கல்லூரிகளில் பலருக்கும் பழக்கமான துறை. கரைசலை வாரக்கணக்கில் மெல்ல ஆவியாகவிட்டுத் தாம் வளர்த்த படிகத்தின் மின்காப்பு மாறிலியை, வெப்பநிலையை ஏற்றி ஏற்றி அளந்தார். புள்ளிகள் அழகான ஒரு வளைகோட்டில் அமர்ந்தன. ஓரிடத்தில் மட்டும் ஒரு புள்ளி மேலே தனியாக நின்றது. "சார், மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் கொஞ்சம் ஏறித்தான் வருகிறது" என்றார். ஆய்வேடு சமர்ப்பிக்க இரண்டு மாதம் இருந்தது. அவருக்கு உதவித்தொகை முடிந்துவிட்டிருந்தது. வீட்டில் திருமணப் பேச்சு. நான் சொன்னேன்: "மழைக்காலம், ஈரப்பதம் ஏறியிருக்கும். அந்த ஒன்றை விட்டுவிடம்மா." அவர் விட்டுவிட்டார். வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்கவில்லை. பட்டம் கிடைத்தது.

அது ஈரப்பதமாகவே இருந்திருக்கலாம். அந்தப் படிகம் அந்த வெப்பநிலையில் உள்ளுக்குள் தன் அடுக்கை மாற்றிக்கொண்டதன் அறிகுறியாகவும் இருந்திருக்கலாம். மூன்று முறை எடுத்தேன் என்று ஒரு பெண் சொன்னபோது, நான்காம் முறை உலர்ந்த காற்றில் எடுத்துப் பார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹல்ஸ் அடித்து அடித்து எழுதிய அந்தப் படிவத்தின் படத்தை ஒரு புத்தகத்தில் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாட்டின் தாய்வழியைத் தேடியவர்களும் கருந்துளையைத் தட்டியவரும் ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான். இருவரும் ஆராய்வது ஒரே ஒரு முறை நடந்து முடிந்ததை. காட்டெருதை மறுபடி பழக்கிப் பார்க்க முடியாது. 130 கோடி ஆண்டுக்கு முந்தைய மோதலை மறுபடி நடத்திக் காட்டச் சொல்ல முடியாது. மிஞ்சியிருப்பது ஒரு சுவடு. இரைச்சலில் பாதி மூழ்கிய சுவடு. ஆகவே இரைச்சல் எது, சுவடு எது என்று பிரித்தறிவதுதான் அவர்களுடைய முழுத் தொழிலும். ஒரு புள்ளி பொருந்தவில்லை என்றால், அது கையின் பிழையா, உலகம் சொல்லும் சேதியா என்று முடிவு செய்ய நேரம் வேண்டும். அந்த நேரம் யாரிடம் இருக்கிறது? பேராசிரியரிடம் இல்லை, அவருக்குக் குழுக் கூட்டம் இருக்கிறது. ஆய்வு மாணவரிடம்தான் இருக்கிறது, நாம் அதைப் பறிக்காமல் இருந்தால்.

நாம் பறித்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் அஞ்சுகிறேன். ஆய்வேடு கொடுக்குமுன் இதழ்க் கட்டுரை கட்டாயம் என்று நெடுங்காலம் விதி இருந்தது. அதனால் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் கொழித்தன. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு அந்தக் கட்டாயத்தை நீக்கியது. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் பழக்கம் விதியோடு போய்விடவில்லை. தேசியத் தகுதித் தேர்வில் தேறி உதவித்தொகை பெறுகிறவருக்கு மாதம் 37,000 ரூபாய் என்று 2023இல் ஆனது. அது கிடைக்காமல், காலையில் தனியார் கல்லூரியில் வகுப்பெடுத்து மாலையில் ஆய்வுக்கூடம் வருகிற பிள்ளைகள் நம்மிடையே எத்தனையோ பேர். இந்த அரங்கிலும் இருக்கை கிடைக்காமல் சுவரோரம் நிற்கிறார்கள். அவர்களிடம் போய், பொருந்தாத புள்ளியைத் துரத்து என்று அறிவுரை மட்டும் சொல்வது எனக்குக் கூசுகிறது.

மராட்டியத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமைய இருக்கிறது. 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்தது. அந்தக் கருவியின் முன் உட்காரப்போகிறவர்கள் இன்று பள்ளியில் இருக்கிறார்கள். நம் மாட்டினங்களின் மரபணுக்களிலும் இன்னும் படிக்காத பக்கங்கள் ஏராளம். உம்பளாச்சேரி, புலிக்குளம், பர்கூர், ஆலம்பாடி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆத்தாவின் கதை இருக்கிறது. கருவி வாங்கப் பணம் வருகிறது. நான்காம் முறை அளக்கும் மாணவருக்குச் சோறு போடும் பணம்தான் வருவதில்லை.

அம்மையாரிடம் ஒரு வேண்டுகோள். இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் சிறந்த ஆய்வேட்டுக்குப் பரிசு தருகிறது. அந்தப் பரிசை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வட்டியில் மிஞ்சுவதைக் கொண்டு, ஆண்டுக்கு ஒருவருக்கேனும், உதவித்தொகைக் காலம் முடிந்த பிறகும் ஆறு மாதம் பணம் கொடுங்கள். விண்ணப்பத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: உங்கள் அளவுகளில் பொருந்தாதது எது, அதை எப்படிச் சோதிக்கப் போகிறீர்கள்? ஆய்வுக்கூடக் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை அடித்தலோடும் திருத்தலோடும் அப்படியே இணைக்கச் சொல்லுங்கள். விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். என் செலவில் வருகிறேன்.

அந்த மாணவியின் படிகங்கள் இரண்டு, பருத்திப் பஞ்சில் சுற்றி, இன்னமும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. போன மாதம் ஒன்றை எடுத்துக்கொண்டு, உலர்காற்று வசதியுள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில் பேசியிருக்கிறேன். அவரிடமும் தொலைபேசியில் சொன்னேன். பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்து வைப்பதாகச் சொன்னார். வெப்பநிலை அதில் இருக்கிறது.